விசில் இல்லாத மைதானம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் சமயத்தில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. காரைக்குடியில் இருக்கும் என் அப்பா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நம்ம பேரன் ஆடின ஆட்டந்தானேம்மா இது?" என்று கேட்டிருந்தார். அதே ஆட்டம்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது சின்னது. கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பேட்டர்னோ, 409 வெற்றிகள் என்று போட்டிருந்தீர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் உயர் பிரிவுக்கு மட்டும் அந்தக் கணக்கு சரி. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் மினசோட்டாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் என்ற சின்னக் கல்லூரியின் ஜான் கலார்டிக்கு. அவருடைய வெற்றிகள் 489.

இரண்டாவதுதான் என்னை உட்காரவைத்து எழுதச் செய்தது. கத்தாமல், பையன்களைக் கசக்கிப் பிழியாமல், பெரிய பயிற்சியாளர் படை இல்லாமல் இந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது என்று கட்டுரை முடிந்திருந்தது. அது உண்மை இல்லை. என் மகன் நான்கு வருடம் அந்தக் கல்லூரி அணியில் இருந்தான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 1999இல் மினசோட்டாவின் செயின்ட் கிளவுட் நகரத்துக்கு வந்தோம். நான் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். இங்கே உயர்நிலைப் பள்ளிகளின் ஃபுட்பால் ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவில்தான் நடக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெள்ளி இரவு ஷிஃப்ட் போட்டால், ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் ஒரு பையனாவது ஸ்ட்ரெச்சரில் வந்துவிடுவான். பின்னாலேயே அவன் அம்மா, கையில் அவன் ஹெல்மெட்டோடு. ஸ்கேனில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். மூளை அதிர்ச்சி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கும், பையனுக்கு மட்டும் அன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லத் தெரியாது. இந்த வேலையைச் செய்துகொண்டு ஒருத்தி தன் பிள்ளையை ஃபுட்பாலுக்கு அனுப்புவாளா? நான் அனுப்பவில்லை. அவன்தான் போனான்.

2006இல் அவன் பத்தாம் வகுப்பு. அவன் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு பயிற்சி நடத்துவார்கள். இரண்டு பக்கமும் தடுப்புப் போட்டு நடுவில் குறுகலான ஒரு சந்து மாதிரி வைத்துவிட்டு, எதிரெதிராக இரண்டு பையன்களை நிறுத்தி விசில் அடிப்பார்கள். ஒருவன் விழும்வரை மோத வேண்டும். சுற்றி நின்று மற்றவர்கள் கத்துவார்கள். 'ஓக்லஹோமா டிரில்' என்று அதற்குப் பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகன் அதில் இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது முறையும் நிற்கச் சொன்னார்கள், நின்றான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏண்டா சாப்பிடல?" என்றால், "என்னம்மா கேட்ட?" என்கிறான். அப்புறம் இரண்டு வாரம் திரையை இழுத்துவிட்டு இருட்டறையில் படுத்திருந்தான். பயிற்சியாளரிடம் போய்ப் பேசினோம். ஆட்டம் என்றால் அப்படித்தான், பையன் இன்னும் முரட்டுத்தனமாக வேண்டும் என்றார். ஆட்டத்தில் அடிபட்டிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். இது பயிற்சி. அடித்ததும் அடிபட்டதும் ஒரே அணிப் பையன்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இவ்வளவு ஆன பிறகும் அவன் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியே தீருவேன் என்றதற்குக் காரணம் 2003. அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நவம்பர் 8ஆம் தேதி அவனை, செயின்ட் ஜான்ஸ் இருக்கும் காலேஜ்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முந்தின வாரம்தான் ஜான் கலார்டி 408ஆவது வெற்றியைப் பெற்று, அதுவரை முதலிடத்தில் இருந்த கிராம்ப்ளிங் ஸ்டேட்டின் எட்டி ராபின்சனைச் சமன் செய்திருந்தார். அன்று பெத்தேல் கல்லூரியை 29-26 என்று வென்று 409. பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் கூட்டம். நான் அன்று டியூட்டியில் இருந்தேன். திரும்பி வந்தவனுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. அந்த வருடம் அந்த அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒஹாயோவின் மவுண்ட் யூனியனை 24-6 என்று தோற்கடித்தது. அதற்கு முன் தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்திருந்த அணி அது. ஊரெல்லாம் சிவப்புக் கொடி. அன்றிலிருந்து என் மகனுக்கு வேறு கல்லூரியே கண்ணில் படவில்லை.

செயின்ட் ஜான்ஸ், பெனடிக்டைன் துறவிகள் 1857இல் தொடங்கிய ஆண்கள் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். காடும் ஏரியும் சூழ்ந்த இடம். ஃபுட்பால் மைதானம் கிண்ணம் மாதிரி பள்ளத்தில் இருக்கும், சுற்றிலும் மரங்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. மூன்றாம் பிரிவு என்றால் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது. பெரிய பல்கலைக்கழகம் மாதிரி பையனை இலவசமாகப் படிக்கவைத்து ஆடவிடும் ஏற்பாடு கிடையாது. கட்டணத்தைக் கட்ட வேண்டும், படிக்கவும் வேண்டும். மிச்ச நேரத்தில், ஆசை இருந்தால் ஆடலாம். "காசையும் கட்டி, மண்டையையும் உடைச்சுக்கணுமா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

2009 ஆகஸ்டில் முதல் வாரப் பயிற்சியைப் பார்க்க நானும் போனேன். யாருக்கும் சொல்லாமல், மேட்டில் ஒரு மரத்தடியில் நின்றேன். நூற்றைம்பது பையன்களுக்கு மேல் இருப்பார்கள். கொஞ்ச நேரம் எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம் புரிந்தது, விசில் சத்தம் இல்லை. பயிற்சியாளர் என்று நினைக்கத்தக்கவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கழுத்திலும் விசில் கிடையாது. மைதானத்தைச் சுற்றி ஓடவிடவில்லை. மோதிப் பழக இங்கே எல்லா மைதானத்திலும் இரும்புச் சட்டத்தில் மெத்தை கட்டிய வண்டி ஒன்று நிற்கும், அது இல்லை. முட்டித் தள்ளும் பொம்மை இல்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று நிமிடம் உடலைத் தளர்த்திக்கொண்டார்கள், உடனே ஆட்டத்தை ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பந்தோடு ஓடுகிறவனை எதிரில் இருப்பவன் சரியான கோணத்தில் வந்து மறிப்பான், கிட்டே வந்ததும் விட்டுவிடுவான். கீழே தள்ளுவது கிடையாது. ஒரு காலை அரை அடி தள்ளி வைத்தவனைக் கூப்பிட்டு, அதே நகர்வைத் திரும்பவும் செய்யச் சொன்னார்கள். திரும்பவும். ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு பையனும் நொண்டிக்கொண்டு போகவில்லை.

நான் அந்த மரத்தடியிலேயே அழுதேன். மூன்று வருடம் முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது மகன் "ஜான் சொன்னார்", "ஜான் சிரித்தார்" என்றே பேசிக்கொண்டிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்பத்திரண்டு வயது மனிதரைப் பேர் சொல்லியா கூப்பிடுவது? "கோச்னு கூப்பிடக் கூடாதும்மா, அதுதான் அங்க ரூல்" என்றான். 'கோச்' என்ற பட்டம் அந்த அணியில் யாருக்கும் வேண்டாம் என்பது கலார்டி வைத்த வழக்கம். பெரியவர்களைப் பேர் சொல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு அது பழகப் பல மாதம் ஆனது. ஆனால் நான்கு வருடத்தில் என் மகன் வேறு எந்தப் பெரிய மனிதரைப் பற்றியும் அவ்வளவு மரியாதையோடு பேசி நான் கேட்டதில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கொலராடோவின் டிரினிடாட், சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் 1926இல் பிறந்தவர் கலார்டி. 1943இல் அவருடைய பள்ளிப் பயிற்சியாளரைப் போருக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அணியையே கலைத்துவிடலாம் என்ற நிலை. கேப்டனாக இருந்த பதினாறு வயதுப் பையன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் வந்தான். வந்ததும் முதல் வேலையாக, தனக்குப் பிடிக்காமல் இருந்ததையெல்லாம் நிறுத்தினான். சுற்றி ஓடுவது, தண்டால், ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்வது எல்லாம் போயிற்று. அந்தக் காலத்தில் பயிற்சி நடுவே தண்ணீர் குடித்தால் பலவீனம் என்று நினைத்தார்கள். அவன் தண்ணீர் குடிக்கவிட்டான். அந்த அணி ஜெயித்தது. பதினாறு வயதில் கண்டுபிடித்ததை அவர் எண்பத்தாறு வயது வரை மாற்றவில்லை.

மொண்டானாவின் கேரல் கல்லூரியில் நான்கு வருடம், பிறகு 1953இல் செயின்ட் ஜான்ஸ். அவருக்கு முன் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜானி 'பிளட்' மெக்னாலி. தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய பெயர், அதே கல்லூரியின் பழைய மாணவரும்கூட. இந்தக் கல்லூரியில் யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். வந்த புதிதில் கலார்டி ஐஸ் ஹாக்கி அணியையும் சில வருடம் பார்த்துக்கொண்டார். சின்னக் கல்லூரி என்றால் அப்படித்தான், ஒருவருக்கு ஒரு வேலை என்ற பேச்சே இல்லை.

சரி, அந்தப் பயிற்சியாளர் குழுவுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒரு அணிக்கு இருபதுக்கு மேல் பயிற்சியாளர்கள் என்று வியந்திருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களிலும் களத்தில் நின்று சொல்லித் தர தலைமைப் பயிற்சியாளரோடு பத்துப் பேர், அது போதாமல் 2024இல் அந்த வரம்பையும் தளர்த்திவிட்டார்கள். செயின்ட் ஜான்ஸில் கலார்டி கூடவே வைத்துக்கொண்டது கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய ஆட்களை. ஆனால் அவர்கள் போகவில்லை. அதுதான் விஷயம். தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜெர்ரி ஹாகன் அங்கேயே ஆடியவர், 1970களிலிருந்து அங்கேயே பயிற்சியாளர். வசந்த காலம் வந்தால் கல்லூரியின் பேஸ்பால் அணிக்கும் அவர்தான் தலைமை. தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்தவர் கலார்டியின் மகன் ஜிம். கேரி ஃபாஷிங் மாணவனாக ஜானிடம் ஆடியவர், எங்கள் செயின்ட் கிளவுட்டிலேயே ஒரு பள்ளியில் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1990களில் திரும்பி வந்தார். 2013இல் ஜானுக்குப் பிறகு பொறுப்பு அவரிடம்தான் வந்தது.

ஒரு குழு இருபது, முப்பது வருடம் சேர்ந்தே இருந்தால் என்ன ஆகும்? ஆட்ட நகர்வுகளை எழுதிவைத்த தடிமனான புத்தகம் தேவைப்படாது. செயின்ட் ஜான்ஸில் பையன்களுக்கு அப்படி ஒரு புத்தகமே தந்ததில்லை. நீண்ட கூட்டங்கள் கிடையாது. இன்றைக்கு ஒருவர் சொன்னதை நாளைக்கு இன்னொருவர் மாற்றிச் சொல்வது கிடையாது. புதிதாக வந்த பையன் நாலாம் வருடம் வரை ஒரே குரல்களைக் கேட்கிறான். பெரிய அணிகளில் ஒரு நல்ல வருடம் முடிந்தால் உதவிப் பயிற்சியாளர்களை வேறு அணிகள் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போய்விடும். பையன்கள் திரும்பவும் முதலிலிருந்து பழக வேண்டும்.

என் மகன் நட்சத்திரம் இல்லை. அவன் இடத்தில் அவனுக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். வேறு கல்லூரியாக இருந்தால் முதல் மாதமே பெயரை அடித்திருப்பார்கள். இங்கே, வருகிற யாரையும் கழிப்பதில்லை என்பது விதியாக இருந்தது. அந்த வாரம் மோதப்போகும் அணியின் ஆட்டக்காரனைப் போல நடித்துக் காட்டுவதுதான் அவன் வேலை. அதைப் பார்த்துத்தான் முதல் வரிசை பழகும். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனைக் கூப்பிட்டு, எதிரணிக்காரன் பந்து வாங்கும் முன் எந்தத் தோளைத் திருப்புகிறான், எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கிறான் என்று சொல்லிக் கொடுப்பார். அவன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி முன் நின்று அதைப் பழகுவான். சனிக்கிழமை அந்த அணியை ஜெயித்துவிட்டால், தான் ஆடாமலே ஜெயித்த சந்தோஷம் அவன் முகத்தில் இருக்கும். புள்ளிகள் ஏறி ஆட்டம் கையில் வந்துவிட்டால், நான்காவது கால் பகுதியில் வரிசையாக எல்லோரையும் இறக்குவார்கள். அப்போது இவனும் ஓடுவான். முதல் முறை அவன் களத்தில் இறங்கியபோது கணவர் எழுந்து நின்று கத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பு அங்கி போட்ட வயதான துறவி ஒருவர், அது எங்கள் பிள்ளை என்று தெரிந்ததும் தானும் எழுந்து கைதட்டினார்.

கேப்டன் என்று ஒருவனை அங்கே அப்போது தேர்ந்தெடுத்ததில்லை. கடைசி வருடப் பையன்கள் முறைவைத்துக் கேப்டனாக இருப்பார்கள். 2012இல் ஒரு சனிக்கிழமை என் மகனும் காசு சுண்டும்போது நடுவில் போய் நின்றான். அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். காரைக்குடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

வெளியூர்க்காரர்கள் பார்த்துத் திகைக்கும் ஒரு வழக்கமும் இருந்தது. ஆட்டத்துக்கு முன் எதிரணி உறுமிக்கொண்டு பயிற்சி செய்யும்போது, செயின்ட் ஜான்ஸ் பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனிடம் "இன்னிக்கு நாள் எவ்வளவு நல்லா இருக்கு" என்று சொல்வார்கள். அதையும் ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தார்கள். மினசோட்டாவில் அக்டோபர் சனிக்கிழமை, மேப்பிள் மரமெல்லாம் சிவந்து நிற்கும். பொய் சொல்லவில்லை அந்தப் பையன்கள். மழை கொட்டினால் பயிற்சி ரத்து. கொசு தாங்க முடியவில்லை என்றாலும் ரத்துதான். 'அடி', 'கொல்லு' மாதிரிச் சொற்களைப் பயிற்சியாளர்கள் வாயில் கேட்க முடியாது. தன் பயிற்சியில் என்னென்ன கிடையாது என்று கலார்டி எழுதிவைத்த பட்டியலில் அதுவும் ஒன்று.

இப்படிச் செய்து ஜெயிக்க முடியுமா என்பதுதானே கேள்வி. 1963, 1965, 1976, 2003 என்று நான்கு தேசியப் பட்டங்கள். 1993இல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளிகள். கேரல் கல்லூரியையும் சேர்த்து 64 பருவங்களில் 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். காரணம் அறிவுக்குப் பொருந்தாதது ஒன்றும் இல்லை. கல்லூரிக்கு வருகிற பையனுக்கு மறித்து விழத்தட்டத் தெரியும், பள்ளியிலேயே பழகிவிட்டான். வாரம் முழுக்க அதையே செய்தால் சனிக்கிழமைக்குள் நல்ல ஆட்டக்காரர்கள் கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில், எதிரணி என்ன செய்யப்போகிறது, நான் எங்கே நிற்க வேண்டும் என்று மூளைக்குச் சொல்லிக் கொடுத்தால் சனிக்கிழமை முழு பலத்தோடு இறங்கலாம். சனிக்கிழமை அவர்களும் முழு வேகத்தில்தான் மோதுவார்கள். என் மகனுக்கே ஒரு ஆட்டத்தில் விரல் மூட்டு விலகியது. ஆபத்தே இல்லாத ஆட்டம் என்று நான் சொல்லவில்லை. என் வேலை எனக்கு அப்படிச் சொல்ல இடம் கொடுக்காது. பயிற்சியிலேயே பிள்ளைகளைச் சேதப்படுத்த வேண்டியதில்லை என்கிறேன்.

சின்னக் கல்லூரிப் பயிற்சியாளர்களைத் தனியாக ஒரு உலகம் என்று ஒதுக்கவும் முடியாது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சிரியானி எங்கே ஆடினார்? 2003இல் எங்களிடம் தோற்ற அதே மவுண்ட் யூனியனில். பயிற்சியாளராக முதல் வேலையும் அங்கேதான். அங்கே அவருக்குக் குரு லாரி கெரஸ், 27 பருவங்களில் 332 வெற்றி, வெறும் 24 தோல்வி. அந்தக் குழுவைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

கடைசி வருடங்களையும் மறைக்கக் கூடாது. என் மகன் சேர்ந்த 2009இல் அணி பிரமாதமாக ஆடியது. அதற்குப் பின் இறங்கியது. அப்போது பரம எதிரியாக இருந்த செயின்ட் தாமஸ் கல்லூரி அணி முந்திக்கொண்டது. 2012இல் பாதி ஆட்டங்கள்தான் ஜெயித்தோம். வயதாகிவிட்டது, முறையும் பழசாகிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். ஆனால் அந்தத் தோல்விகளின் நடுவிலும் மோதல் பயிற்சியைக் கொண்டுவரவில்லை, ஒரு பையனையும் கழிக்கவில்லை. ஜெயிக்கும்போது நல்லவராக இருப்பது யாருக்கும் சுலபம். நான் அந்தக் குழுவை முழுதாக நம்பியது 2012இல்தான். அந்த நவம்பரில் ஜான் ஓய்வு பெற்றார். 2018 அக்டோபரில், 91 வயதில் காலமானார். என் மகன் அன்று எனக்கு ஃபோன் செய்து ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

அறுபது வருடம் 'விசித்திரம்' என்று சிரித்த முறையின் பக்கம் மற்றவர்களும் மெல்ல வந்தார்கள். டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் 2010இல் பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் விழத்தட்டுவதை நிறுத்தினார். 2011 ஒப்பந்தத்தில் என்.எஃப்.எல். பருவம் முழுவதற்கும் சேர்த்து முழு மோதல் பயிற்சி 14 முறைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. 2016இல் ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள், பருவத்தின்போது பயிற்சியில் முழு மோதலே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். 2019இல் என்.எஃப்.எல். ஓக்லஹோமா டிரில்லையே தடை செய்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இடைவேளையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் படித்ததும் மகனுக்கு அனுப்பினேன். அவன் பதிலுக்கு, காலேஜ்வில் மைதானத்தின் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான்.

இப்போது அவனுக்கு முப்பது கடந்துவிட்டது. வேலை முடிந்த சாயங்காலங்களில் ஏழாம் வகுப்புப் பையன்கள் அணி ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் உதவுகிறான். போன செப்டம்பரில் பார்க்கப் போனேன். இருபத்தெட்டு பையன்கள், யாரையும் கழிக்கவில்லை. ஒரு குட்டிப் பையன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டான். உடனே எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த சூப்பர் பவுலுக்கும் உங்கள் நிருபர் எழுதுவார். அப்போது சின்னக் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். இங்கே பிள்ளைகளை வளர்க்கும் எத்தனையோ தமிழ்ப் பெற்றோர், இந்த ஆட்டத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். எந்தப் பயிற்சியாளரிடம் அனுப்புகிறோம், பயிற்சியில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு முன், முடிந்தால் இந்த வாரமே, அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: ஜான் கலார்டி, செயின்ட் ஜான்ஸ், 489. அப்பா கத்தரிக்கோலோடு காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செயின்ட் கிளவுட், மினசோட்டா